பிரெஸ் போட்டாலே பந்து போய்விடுகிறது: பாயிண்ட் கார்டுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

சிமெண்ட்கோர்ட்:

வணக்கம். பள்ளி அணிக்கு மாலையில் பேஸ்கட்பால் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் பாயிண்ட் கார்டுக்கு (பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன்) வயது 15, உயரம் ஐந்தரை அடி. நின்ற இடத்தில் பந்து அவன் சொன்னபடி கேட்கும். கால்களுக்கு இடையே எட்டுப் போடுவான், முதுகுக்குப் பின்னால் மாற்றுவான், கண்ணை மூடிக்கொண்டுகூடத் தட்டுவான். ஆனால் மேட்ச்சில் எதிரணி ஃபுல் கோர்ட் பிரெஸ் போட்டதும், அதாவது கோர்ட் முழுக்க ஆளை ஒட்டி நெருக்கியதும், எல்லாம் கலைந்துவிடுகிறது.

எங்கே மாட்டுகிறான் என்று கவனித்ததில் மூன்று விஷயம் தெரிகிறது. வலப்பக்கம் மட்டுமே போகிறான். இடக்கைக்கு மாற்றினாலும் இரண்டு தட்டலில் பந்து வலக்கைக்கே திரும்பிவிடும். ஹாஃப் லைனைத் தாண்டியதும் சைடு லைன் ஓரமாக இரண்டு பேர் மடக்கினால் பந்து போச்சு. ஆள் ஒரு கை தூரத்துக்கு வந்துவிட்டால் தலை குனிந்து பந்தையே பார்க்கிறான், எதிரே தனியாக நிற்கும் நம் ஆள் கண்ணில் படுவதில்லை.

வாரம் 4 நாள், நாளுக்கு 40 நிமிடம் இதற்கென்று ஒதுக்க முடியும். 12 பையன்கள், 6 பந்து, திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். எதை எந்த வரிசையில் கொடுப்பது? எடை கூடின பயிற்சிப் பந்து வாங்கினால் பயன் இருக்குமா?

——

பிவட்ஃபுட்:

கண்ணை மூடித் தட்டத் தெரிந்தவன் மேட்ச்சில் பந்தைப் பார்க்கிறான் என்றால், கைக்குப் பழக்கம் வந்துவிட்டது, எதிராளியின் கைக்கு நடுவே தட்டிப் பழக்கம் வரவில்லை என்று அர்த்தம். எனவே எட்டுப் போடுவது, பந்தை இடுப்பைச் சுற்றுவது எல்லாம் இனி வார்ம் அப்போடு நிற்கட்டும். 40 நிமிடத்தில் நின்ற இடத்துப் பயிற்சிக்கு 6 நிமிடம் போதும். ஓட்டத்தோடு தட்டுவதற்கு 12 நிமிடம். மீதி 22 நிமிடமும் எதிரே ஆளை நிறுத்தித்தான்.

தொடங்கும் முன் ஒரு சின்ன அளவெடுப்பு செய்துகொள்ளுங்கள். முழங்கால் உயரத்தில் 30 நொடி, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டச் சொல்லி, வலக்கை எண்ணிக்கையையும் இடக்கை எண்ணிக்கையையும் தனித்தனியாகக் குறியுங்கள். வித்தியாசம் பத்துக்கு மேல் இருந்தால் இடக்கைக்கு இரட்டிப்பு நேரம் கொடுக்க வேண்டும். அடுத்து, ஒரு பேஸ் லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால் உள்ள கோடு) மறு பேஸ் லைன் வரை 28 மீட்டரை இடக்கையால் மட்டும் முழு வேகத்தில் ஓடட்டும். எத்தனை தட்டல், எத்தனை நொடி என்று எழுதிவையுங்கள். ஏழெட்டுத் தட்டலில் போய்ச் சேர்ந்தால் நல்லது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆனால் பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடாமல், பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே அளவை மறுபடி எடுங்கள்.

நின்ற இடத்து 6 நிமிடத்தில் பார்க்க வேண்டியது தட்டும் பலத்தை. பெரும்பாலான பையன்கள் பந்தை விழவிடுகிறார்கள், அடிப்பதில்லை. இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது 90 செ.மீ.யிலிருந்து, பந்து தானாக விழுந்தால் தரையைத் தொட அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஏறி வர இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவு நேரமும் பந்து யாருக்கும் சொந்தமில்லை, பக்கத்தில் நிற்பவன் கையை நீட்டினால் அவனுடையது. அதையே முன்னங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து ஓங்கி இறக்கினால், கீழே போகும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பலமாகத் தட்டச் சொல்வது அதனால்தான்.

கையைக் கிட்டே போய்ப் பாருங்கள். விரல்கள் விரிந்திருக்க வேண்டும். பந்து படுவது விரல்களின் உட்பக்கச் சதையிலும் விரல் அடி மேட்டிலும். உள்ளங்கைக் குழியில் படக் கூடாது. பந்து மேலே வரும்போது கை காத்திருந்து மோதினால் ‘பட்’டென்று சத்தம் வரும், அப்போது பந்து எகிறும். கை கொஞ்சம் இறங்கிப் பந்தைச் சந்தித்து, அதோடு நாலைந்து விரற்கடை மேலே ஏறி, பிறகு அழுத்தி இறக்க வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் திசை மாற்றவோ, பாஸ் கொடுக்கவோ, நின்றுவிடவோ நேரம் கிடைக்கிறது. பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். சிமெண்ட் கோர்ட்டில் இது சுலபம்: விரல்களில் அழுக்கு அப்பி, நடுக்குழி சுத்தமாக இருந்தால் சரியாகத் தட்டியிருக்கிறான்.

பயிற்சி இதுதான். கணுக்கால் உயரம், முழங்கால் உயரம், தோள் உயரம், ஒவ்வொன்றும் 20 நொடி. தோள் உயரத்தில் தட்டுவது மேட்ச்சுக்கு அல்ல, பலம் வருவதற்கு. பிறகு ஒரே கையால் உடம்புக்கு முன் ‘வி’ வடிவத்தில் 20 நொடி, உடம்புக்குப் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக 20 நொடி. இந்தப் பக்கவாட்டுத் தட்டலைத் தவறவிடாதீர்கள், பின்னால் சொல்லப்போகும் ரிட்ரீட் டிரிபிளுக்கு (பின்வாங்கித் தட்டுவது) இதுதான் அடிப்படை. இரண்டு பேருக்கு ஒரு பந்து என்பதால் ஒருவன் 20 நொடி தட்ட, அடுத்தவன் ஓய்வெடுக்கலாம், சரியாக வரும்.

ஓட்டப் பயிற்சிக்குக் கோன் தேவையில்லை, தண்ணீர் பாட்டிலோ செருப்போ போதும். 4 மீட்டருக்கு ஒன்று, இடம் வலமாகக் குறுக்கே வையுங்கள். ஒவ்வொரு குறியிலும் கிராஸ்ஓவர், அதாவது பந்தை உடம்புக்கு முன்னால் மறுகைக்கு மாற்றுவது. இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான்: ஒரே வேகத்தில் வந்து, ஒரே வேகத்தில் மாற்றி, அதே வேகத்தில் போவது. அப்படிப் போனால் குறி ஏமாறும், ஆள் ஏமாறமாட்டான். வரும்போது முக்கால் வேகம். குறிக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது, வலக்கையில் பந்து என்றால் வலக்காலை அகலமாக ஊன்றி, தோளையும் பார்வையையும் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். பந்து முழங்காலுக்குக் கீழே, வலது பாதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து இடக்கைக்குத் தரையோடு ஓட்டிப் போக வேண்டும். உடனே வலக்கால் எதிராளியின் இடுப்பை ஒட்டித் தாண்ட வேண்டும், அடுத்த இரண்டு அடி முழு வேகம். வளைந்து போனால் அவன் திரும்பிப் பிடித்துவிடுவான்.

மேட்ச்சில் கிராஸ்ஓவர் திருடப்படுவது இரண்டு காரணத்தால். பந்து இடுப்பு உயரத்தில் குறுக்கே போகிறது. அல்லது ஆள் அரை கை தூரத்துக்கு வந்த பிறகு மாற்றுகிறான். அவ்வளவு நெருங்கிவிட்டால் உடம்புக்கு முன்னால் மாற்றவே கூடாது, கால்களுக்கு இடையே அல்லது முதுகுக்குப் பின்னால்தான். நெருக்கத்தைப் பார்த்து எதை எடுப்பது என்று முடிவெடுக்கப் பழக்குவதுதான் நோக்கம். அழகாக மாற்றுவது நோக்கமல்ல.

இனி ஹாஃப் லைன் விஷயம். அங்கே மாட்டுவது தற்செயல் இல்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற அணி அங்கேதான் டிராப் (இருவர் சேர்ந்து மடக்கும் பொறி) போடும். சைடு லைன் ஒரு பக்கம், தாண்டி வந்த ஹாஃப் லைன் இன்னொரு பக்கம், இரண்டு பேர் எதிரே. நான்கு சுவருக்குள் மாட்டிய மாதிரி. முன்பாதிக்குள் (நாம் பந்து போடும் கூடை உள்ள பாதி) போய்விட்டால் பின்னால் வரவும் முடியாது. எனவே பையனுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இடம்: ஹாஃப் லைனை சைடு லைன் ஓரமாகத் தாண்டாதே, நடு வட்டத்தை ஒட்டித் தாண்டு. இரண்டாவது ஆள் வருவது தெரிந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடு. டிரிபிள் செய்பவனின் இரண்டு பாதமும் பந்தும் முன்பாதியில் தரையைத் தொட்டால்தான் பந்து முன்பாதிக்குப் போனதாகக் கணக்கு. ஒரு கால் பின்னால் இருக்கும்வரை திரும்ப வழி உண்டு. ஆனால் பந்தை முன்பாதிக்குக் கொண்டுபோக விதி கொடுக்கும் 8 நொடி ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் மனதில் எண்ணப் பழக வேண்டும்.

அந்த இடத்தில் காப்பாற்றுவது ரிட்ரீட் டிரிபிள், பின்வாங்கித் தட்டுவது. நம் ஊரில் இதைப் பயிற்சியில் அதிகம் கொடுப்பதில்லை, எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. செய்முறை: முன்னால் மூன்று தட்டல். குறியில் நின்று, தோளை எதிராளிக்குக் காட்டிப் பக்கவாட்டாகத் திரும்ப வேண்டும். பந்து பின்காலுக்கு வெளியே, முழங்காலுக்குக் கீழே. பந்தில்லாத முன்பக்கக் கையை முழங்கையில் மடக்கி நடுவே வேலி மாதிரி வைத்துக்கொண்டு, இரண்டு வேகமான பின்சறுக்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டல். முகம் எதிரே இருக்க வேண்டும், பந்தை அல்ல, டிராப் போடும் இருவருக்கும் பின்னால் காலியாகும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளி கிடைத்ததும் முன்னால் கிராஸ்ஓவர் அடித்து மறுபக்கம் பாய வேண்டும், அல்லது அந்த இடைவெளியில் பாஸ். பின்னால் போகும்போது முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவது, கால்கள் ஒன்றோடொன்று பின்னுவது, இந்த இரண்டையும் கண்டால் உடனே நிறுத்தித் திருத்துங்கள். இரண்டு கைக்கும் ஐந்து ஐந்து முறை, தினமும்.

பந்தைத் தட்டுவதை நிறுத்திக் கையில் பிடித்துவிட்டால் டிராப் முடிந்தது, பூட்டிவிட்டார்கள். ஆகவே இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு விதி வையுங்கள்: என்ன ஆனாலும் தட்டலை விடக் கூடாது.

——

இடதுகை:

மேல சொன்னது எல்லாம் சரி சார். நான் இடக்கையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

பையன் இடப்பக்கம் போகாததுக்குக் கை மட்டும் காரணமா இருக்காது. இடப்பக்கம் போனா கடைசியில என்ன செய்யறதுன்னு தெரியாது, அதான் திரும்பி வந்துடறான். இடக்கை லே அப் (ஓடி வந்து எம்பிக் கூடைக்குப் பக்கத்துல போடறது) வருதான்னு முதல்ல பாருங்க. இடது, வலதுன்னு ரெண்டு அடி, வலக்காலால எம்பணும், இடது முழங்கால் மேல ஏறணும், இடக்கையால போர்டுல வெச்சுட்டு வரணும். நிறைய பசங்க இடக்கையால போடுவாங்க, ஆனா இடக்காலாலயே எம்புவாங்க, உடம்பு முறுக்கிக்கும். பந்தே இல்லாம ரெண்டு அடி வெச்சு எம்பறதுல ஆரம்பிங்க, 10 தடவை. அப்புறம் ஒரே ஒரு தட்டலோட. அப்புறம் மூணு பாயிண்ட் கோட்டுல இருந்து. தினமும் 20 இடக்கை லே அப் உள்ள போகணும். போட்டது கணக்கு இல்ல, போனதுதான் கணக்கு.

அடுத்து, ரெண்டு வாரத்துக்கு வார்ம் அப் முழுக்க இடக்கை. வலக்கை சும்மா இருந்தா தானா வந்து உதவி பண்ணும். வலக்கையால நிக்கரோட பின்பக்கத்தைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, தீர்ந்துது.

டென்னிஸ் பால் பயிற்சி கேள்விப்பட்டிருப்பீங்க. அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீஃபன் கரி பயிற்சியில செய்வாரே, அதேதான். கிரிக்கெட் ஆடற டென்னிஸ் பால் எந்தப் பையன் பையிலயும் கிடைக்கும், தனியா வாங்க வேண்டாம். இடக்கையில பேஸ்கட்பால் தட்டிக்கிட்டே வலக்கையால டென்னிஸ் பாலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கணும். 10 தடவை விடாம பிடிச்சா அடுத்த படி: அது காத்துல இருக்கும்போதே பேஸ்கட்பாலை வலக்கைக்கு மாத்தி, டென்னிஸ் பாலை இடக்கையால பிடிக்கணும். அடுத்து, ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கற கூட்டாளி தூக்கிப் போடுவான், இவன் பிடிச்சுத் திருப்பிப் போடணும்.

இதுல எங்க தப்பு நடக்கும்னா, டென்னிஸ் பாலை ரொம்ப உயரமாத் தூக்கிடுவாங்க. அப்போ நேரம் நிறைய கிடைக்கும், நிதானமாக் கீழ பார்த்துப் பேஸ்கட்பாலைச் சரி பண்ணிக்குவாங்க. நெத்தி உயரத்துக்கு மேல போகக் கூடாது. ரெண்டாவது தப்பு, பிடிக்கிற அந்தக் கணத்துல இடக்கை தட்டறது மெதுவாயிடும், பந்து முழங்காலுக்கு மேல ஏறிடும். அதைப் பார்த்தா அந்த எண்ணிக்கையைச் சேர்த்துக்காதீங்க.

டென்னிஸ் பாலையே டிரிபிள் பண்றதும் நல்ல பயிற்சிதான். கனடா பாயிண்ட் கார்ட் ஸ்டீவ் நேஷ் காலேஜ் படிக்கும்போது வகுப்புக்குப் போற வழியெல்லாம் டென்னிஸ் பாலைத் தட்டிக்கிட்டே போவாராம், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சின்னப் பந்து தரையில கல்லு பட்டாலே திசை மாறிடும், அதனால விரல் நுனி தானா உஷாரா இருக்கும். ஆனா இதை வீட்டுப் பாடமாக் கொடுங்க, கோர்ட் நேரத்துல வேண்டாம்.

——

விசில்:

ரெஃபரி பார்வையில் சில விஷயம். இதைச் சொல்லாமல் பழக்கிவிட்டால், கஷ்டப்பட்டுக் கற்ற மூவ் அத்தனைக்கும் மேட்ச்சில் விசில் விழும்.

வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் ஹெசிடேஷன் கற்றுக்கொடுக்கும்போது கை பந்துக்கு அடியில் போய்விடும். பந்து கையில் ஒரு கணம் ஓய்ந்தாலே டிரிபிள் முடிந்ததாகத்தான் விதி. பிறகு மறுபடி தட்டினால் டபுள் டிரிபிள். கை பந்தின் பக்கவாட்டில் இருக்கலாம். உள்ளங்கை வானத்தைப் பார்த்தால் ஆபத்து. செல்போனை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டாக வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தால் பையனுக்கே தெரியும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

நின்ற நிலையில் பந்தை வாங்கி டிரிபிள் தொடங்கும்போது, பிவட் கால் (நகர்த்தாமல் ஊன்றியிருக்கும் கால்) தரையை விட்டு எழுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பிரெஸ்ஸில் அவசரப்பட்டு முதலில் காலை எடுத்துவிடுவார்கள். ஓடிக்கொண்டே வாங்கினால் கணக்கு வேறு: பந்து கட்டுப்பாட்டுக்கு வரும்போது தரையில் இருக்கும் காலை விட்டுவிட்டு, அடுத்து வைப்பதிலிருந்து அடி எண்ணப்படும். ‘ஜீரோ ஸ்டெப்’ என்று சொல்வது இதைத்தான், ஃபீபா (உலக பேஸ்கட்பால் சம்மேளனம்) விதியில் 2017இல் வந்தது. அப்படி வாங்கி டிரிபிள் தொடங்க நினைத்தால் இரண்டாவது அடிக்கு முன் பந்தை விட்டாக வேண்டும்.

வேலி மாதிரி வைக்கச் சொன்ன முன்கை பற்றி: மடக்கி வைத்திருப்பது சரி. அதை நீட்டித் தள்ளினாலோ, எதிராளியின் இடுப்பைக் கொக்கி போட்டு இழுத்தாலோ அஃபென்ஸிவ் ஃபவுல்.

——

பம்பு_ஊசி:

எடைப் பந்து கேட்டிருந்தீர்கள். 15 வயதுப் பையனுக்கு இப்போது அவசியம் இல்லை. சாதாரண 7ஆம் நம்பர் பந்து 600 கிராம் அளவில் இருக்கும், பயிற்சிக்கு விற்கும் எடைப் பந்து அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மணிக்கட்டுக்குச் சிரமம், தட்டும் வேகமும் குறைந்து அந்த வேகமே பழகிவிடும். ஏற்கெனவே இருந்தால் நாளுக்கு மூன்று நிமிடம், நின்ற இடத்தில் மட்டும். அதை வைத்து ஷூட் பண்ணவோ தூரமாகப் பாஸ் கொடுக்கவோ விடாதீர்கள். பணம் இருந்தால் இன்னும் நான்கு சாதாரண பந்து வாங்குங்கள், 12 பேருக்கும் பயன்படும்.

பணம் அதிகம் இல்லாமல் அதே பலன் வேண்டுமென்றால் கட்டட வேலைக்குப் போடும் நூல் கையுறை. பிடிப்பே இருக்காது, விரல் விரிந்தே ஆக வேண்டும். ஐந்து நிமிடம் போட்டுத் தட்டிவிட்டுக் கழற்றினால் பந்து விரலோடு ஒட்டுவது மாதிரி இருக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் கைரி இர்விங் சிறு வயதில் பந்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தட்டியதும் இதே காரணத்துக்குத்தான். சிமெண்ட் தரையில் அந்தப் பை சீக்கிரம் கிழிந்துவிடும், கையுறையே மேல்.

இருக்கும் 6 பந்தையும் முதலில் சோதியுங்கள். பாதிக் குறை அங்கேயே இருக்கலாம். வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் எத்தனை பி.எஸ்.ஐ. காற்று என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7லிருந்து 9. கேஜ் இல்லையென்றால், பந்தின் அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்துக் கைவிடுங்கள். எழும்பும்போது பந்தின் மேற்பாகம் 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் வர வேண்டும். கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஆறையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தையல் இன்ச் டேப்பால் சுற்றளவு பாருங்கள், 75 முதல் 77 செ.மீ. 78ஐத் தாண்டிய ரப்பர் பந்து உப்பிவிட்டது. விரலில் சுழற்றினால் அது தள்ளாடுவதும் தெரியும். அப்படிப்பட்ட பந்து ஒவ்வொரு தட்டலுக்கும் ஒவ்வொரு பக்கம் போகும், பையன் கீழே பார்க்காமல் என்ன செய்வான்?

வெயிலில் கிடந்த பந்தில் காற்று அழுத்தம் ஏறியிருக்கும், மாலையில் அளப்பதானால் நிழலில் அரை மணி வைத்துவிட்டு அளங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தாதீர்கள், வால்வு ரப்பர் கிழிந்தால் பந்து அவ்வளவுதான். சிமெண்ட் கோர்ட்டில் மணல் படிந்திருந்தால் பயிற்சிக்கு முன் பெருக்கிவிடுங்கள். கிராஸ்ஓவருக்குக் காலை ஊன்றும்போது வழுக்கினால் முழங்காலுக்குத்தான் கேடு.

——

சிமெண்ட்கோர்ட்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பந்துகளைச் சோதித்ததில் இரண்டு உப்பியிருந்தன, ஒதுக்கிவிட்டேன். ஆகவே இப்போது 4தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். தலை நிமிர வைக்க, எதிரே நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லும் பயிற்சி கொடுக்கிறேன். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்கிறான், மேட்ச்சில் மறுபடி குனிகிறான். அந்த 22 நிமிடத்தில் எதிரே ஆளை நிறுத்தி என்னென்ன செய்வது என்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும், 4 பந்துதான் என்பதையும் வைத்து. மழைக் காலத்தில் கோர்ட் ஈரமாக இருக்கும் நாட்களில் என்ன கொடுக்கலாம்?

——

பிவட்ஃபுட்:

விரல் எண்ணுவது தலையை நிமிர்த்தும், ஆனால் பார்த்ததை வைத்து எதையும் முடிவெடுக்க வைக்காது. காட்டும் கை எங்கே இருக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும். இப்படி மாற்றுங்கள்: பேஸ் லைனிலிருந்து டிரிபிள் செய்து வருகிறான். எதிர்ப்பக்க ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனைக்கும் அப்பால் இரண்டு பேர், கை கீழே. இவன் நடு வட்டத்தை நெருங்கும்போது இருவரில் ஒருவன் மட்டும் கையை நெஞ்சுக்குக் கொண்டுவருவான், சத்தம் போடக் கூடாது. ஒரு நொடிக்குள் அவனுக்குப் பாஸ் போக வேண்டும், அதுவும் தட்டிக்கொண்டிருக்கும் அதே கையால், பந்தை இரண்டு கையிலும் எடுக்காமல் தள்ளிவிட வேண்டும். இடக்கைத் தட்டலிலிருந்து இடக்கையாலேயே பாஸ் கொடுக்கத் தெரியாததும் அவன் வலக்கைக்குத் திரும்ப ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் கவனியுங்கள். பிறகு இதே பயிற்சியில் நடுவே ஒரு டிஃபெண்டரைச் சேருங்கள்.

இப்போது 22 நிமிடம். முதல் 8 நிமிடம் சந்து ஓட்டம். கோர்ட்டின் 15 மீட்டர் அகலத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு சந்தும் 5 மீட்டர். ஒரு சந்துக்கு ஒரு பந்து, இரண்டு ஜோடி. ஒரு ஜோடி ஓட, மற்றது ஓய்வு. மூன்று பந்தில் 12 பேருக்கும் வேலை. டிஃபெண்டர் முதல் தடவை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் வழிமறிக்கட்டும், அடுத்த தடவை கையை விடட்டும். டிரிபிள் செய்பவன் தாண்டி ஓடிவிடக் கூடாது, இரண்டு அடி முந்தியதும் அவன் வருவதற்காகக் காத்து மறுபடி மாற்ற வேண்டும். அப்போதுதான் ஒரு நீளத்துக்கு ஐந்தாறு மாற்றம் கிடைக்கும். ஒருவாரம் கழித்து சந்தை 3 மீட்டராகக் குறையுங்கள்.

அடுத்த 5 நிமிடம் பறிமுதல் ஆட்டம். கூடைக்குக் கீழே உள்ள பெயிண்ட் பகுதி 4.9 மீட்டருக்கு 5.8 மீட்டர். அதற்குள் நான்கு பேர், நான்கு பந்து. தன் பந்தைத் தட்டிக்கொண்டே மற்றவன் பந்தைத் தட்டிவிட வேண்டும். பந்து கோட்டுக்கு வெளியே போனவன் வெளியேற, காத்திருப்பவன் உள்ளே வரலாம். தலை குனிந்தவன் முதல் ஐந்து நொடியில் வெளியே போவான், நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உங்கள் பையனை மட்டும் இடக்கையால் ஆட விடுங்கள். எல்லா ஆட்டத்திலும் தோற்பான், முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். பயிற்சியில் பந்து ஒருமுறையும் தவறவில்லை என்றால் அவன் ஏற்கெனவே தெரிந்த வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கிறான். பத்துக்கு இரண்டு மூன்று முறை தவறும் அளவுக்கு வேகத்தை ஏற்றிவையுங்கள்.

மீதி 9 நிமிடம் ஒருவனுக்கு எதிராக இருவர். பேஸ் லைனிலிருந்து 8 நொடியில் ஹாஃப் லைனைத் தாண்ட வேண்டும், நீங்கள் சத்தமாக எண்ணுங்கள். முதல் டிஃபெண்டர் ஃப்ரீ த்ரோ கோட்டில், இரண்டாமவன் ஹாஃப் லைனில் சைடு லைன் ஓரமாக. முதல் ஆள் சைடு லைன் பக்கம் ஓட்டிப் போக முயல்வான். அதற்கு இணங்காமல் நடுவைப் பிடிப்பது, முடியாவிட்டால் ரிட்ரீட் அடித்து மறுபக்கம் மாற்றுவது, அதுவும் முடியாவிட்டால், பாஸ் வாங்க மட்டும் பின்னால் வரும் கூட்டாளிக்குப் பாஸ். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் சரி, பந்தைக் கையில் பிடித்து நின்றால் மட்டும் தோல்வி. ஒவ்வொரு பையனுக்கும் பத்து முயற்சிக்கு எத்தனை தாண்டினான் என்று நோட்டில் எழுதுங்கள். பத்துக்கு நான்கில் தொடங்கி ஆறு வாரத்தில் ஏழுக்கு வந்தால் மேட்ச்சில் நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

களைத்த பிறகு கை தளரும், அதனால் இருவர் பயிற்சியைக் கடைசியில் வைத்தேன். மேட்ச்சில் கடைசி குவார்ட்டரில் பிரெஸ் வரும்போதும் உடம்பு இதே நிலையில்தான் இருக்கும்.

——

இடதுகை:

மழை நாளுக்கு: ஈர சிமெண்ட்ல ஓட விடவே விடாதீங்க சார். கூரை இருக்கற வராண்டா போதும். பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு இடக்கையால காலுக்கு வெளியே, அப்புறம் ரெண்டு காலையும் நீட்டி அதுக்குக் கீழ சுத்தித் தட்டச் சொல்லுங்க. உக்கார்ந்தா பந்து முழங்காலுக்கு மேல ஏற இடமே இருக்காது, தானா தாழ்வாத் தட்டுவான். 30 நொடி தட்டு, 30 நொடி ஓய்வு, எட்டு சுத்து. நாலு பந்து இருக்கறதால பாயிண்ட் கார்டுக்கும் அவனுக்கு மாத்தா ஆடறவனுக்கும் ரெண்டு ரெண்டு பந்து கொடுத்து, ரெண்டு கையாலயும் சேர்ந்து ஒரு தடவை, மாத்தி மாத்தி ஒரு தடவை. மாத்தி மாத்தித் தட்டும்போது வலக்கைப் பந்து உயரமாவும் இடக்கைப் பந்து தாழ்வாவும் போகும் பாருங்க. ரெண்டும் ஒரே உயரத்துக்கு வர்ற வரைக்கும் வேகத்தைக் கூட்டாதீங்க.

கூரைக்குள்ள ஈரக் கையோட தட்டினா வழுக்கும், பக்கத்துல ஒரு காஞ்ச துண்டு வெச்சுக்கச் சொல்லுங்க. பந்தையும் துடைச்சு நிழல்ல காய வெச்சுட்டுத்தான் பையில போடணும்.